மெமரிக்கு நாடி பார்த்த ஆசான்

தைவானின் தாய்பெய் நகரக் கணினிச் சந்தையில் அன்று கூட்டம் அலைமோதியது. எல்லார் கக்கத்திலும் மடிக்கணினி, கையில் பச்சைத் தின்பண்டப் பொட்டலம். பச்சைப் பொட்டலம் வைத்தால் இயந்திரம் சொன்னபேச்சு கேட்குமாம். மஞ்சள் வைத்தால் முரண்டு பிடிக்குமாம். அது போகட்டும், பசித்தால் தின்னவாவது செய்யலாம்! அங்கே மேசை போட்டிருந்த தூ என்னும் ஆசான் விற்ற அருள்வாக்கைத் தின்னவும் முடியாது. மூடிமேல் காதை வைத்து, வேகமாக ஓட எந்த மெமரிச் சில்லு வேண்டுமென்று கணினி சொல்வதைக் கேட்பாராம். திறந்துகூடப் பார்க்க வேண்டாமாம்.

யூ-ஷானைத் தம்பி போ-ஹான் இழுத்துவந்திருந்தான். அவளுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி குரலாக வாசிக்க, அதைக் கேட்டுத்தான் வானொலிக்குச் செய்தி எழுதுகிறாள். இப்போது மெமரி போதாமல் அந்தக் குரல் திக்கித் திணறியது. திங்கட்கிழமையும் திணறினால் வேலை போய்விடும். கையிருப்போ ஒரே ஒரு மெமரிக்குத்தான் காணும்.

ஆசான் ஊதுபத்தி கொளுத்தி, காதை வைத்தார்.

“நெருப்பு அம்சம்மா இது! டிடிஆர் அஞ்சு ரக மெமரி. ரெண்டு இடமும் ரொம்பி மூச்சு முட்டுதுன்னு அழுவுது. ரெண்டையும் கழட்டிட்டு மந்திரிச்ச ஜோடி போடணும்.”

“அப்படியா? அதுகிட்டயே கேட்டுருவோம்,” என்றாள் யூ-ஷான்.

“அக்கா, மானத்த வாங்காத!” என்றான் போ-ஹான்.

கணினிக்குள் இருப்பதைச் சொல்லும் இலவச மென்பொருளைத் திறந்து, ஒலியைக் கூட்டினாள். குரல் திக்கித் திக்கி ஊருக்கே வாசித்தது: “மெமரி வகை, டிடிஆர் நான்கு. இடங்கள், இரண்டு. ஒன்றில் எட்டு ஜிபி. மற்றொன்று காலி.”

“ஐயோ, உள்ள பேய் பூந்துருச்சு!” ஆசான் அலறினார்.

“நீங்க கேட்டா அருள்வாக்கு, நான் கேட்டா பேயா? நாலு போடற இடத்துல அஞ்சு நுழையவே நுழையாதுய்யா!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வரிசையில் நின்ற கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம்தான் ஆசான் அவர் கணினியை எட்டிலிருந்து பதினாறாக ‘உயர்த்தி’யிருந்தார். மனிதர் அதே மென்பொருளை அவசரமாக இறக்கிப் பார்த்தார்.

“எட்டுதான்யா இருக்கு! வாங்கும்போதே எட்டு!”

மேசைக்கடியில் நழுவப் பார்த்த ஆசானின் அங்கியை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். பணத்தைக் கக்கும்வரை விடவில்லை.

யூ-ஷான் பக்கத்துக் கடையில் டிடிஆர் நான்கு ஒன்றை வாங்கி, காலி இடத்தில் மாட்டினாள். குரல் கணீரென்று ஓடியது. அப்பாடா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கிளம்பப் போனால் வழி இல்லை. ஆசானிடம் நின்ற அதே வரிசை இப்போது அவள் முன்னால் நின்றது.

“அம்மா, அந்த மென்பொருள இறக்க நல்ல நாள் எதுன்னு சொல்லுங்களேன்,” என்று ஒருவர் பவ்யமாகக் கேட்டார்.

“மூளை வேலை செய்யற எந்த நாளும் நல்ல நாள்தாங்க,” என்றாள் யூ-ஷான். “உங்களுக்கு அது என்னைக்குன்னு நீங்கதான் சொல்லணும்!”