முடித்தால்தான் ரத்து

தொடங்கியதைப் பாதியில் விடத் தெரியாதவர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்கும் அவரைத் தெரியும். தவறான எண்ணை அழைத்துவிட்டாலும், மறுமுனைக்காரரின் பிள்ளைகள் வரை நலம் விசாரித்த பிறகே வைப்பார். எங்கள் குடும்பப் பதிவேட்டில் இவ்வினத்தார் பதினொருவர். பதினோராமவர் என் மைத்துனர், அட்டுவம்பட்டி வாசிம்.

பண்ணைக்காட்டில் ஒரு நிக்காஹுக்குப் புறப்பட்டவர் வழிதவறி அடுக்கம் சாலையில் இறங்கினார். "ஏங்க, வண்டியத் திருப்புங்க" என்று மனைவி ரபியா ஒவ்வொரு வளைவிலும் சொல்ல, "வந்தது வந்துட்டோம்" என்று மலையடிவாரத்துப் பெரியகுளம் வரை போய்த் தேநீர் அருந்தித் திரும்பினார். பந்தி கலைந்திருந்தது.

இவரிடம் ரத்துக் கட்டளை எழுதும் பணியை யார் கொடுப்பார்கள்? அவருடைய நிறுவனம் கொடுத்தது.

வாசிம் வீட்டிலிருந்தபடி டீபக்கர் எழுதுகிறார்: ஓடும் கணினி நிரலை நடுவழியில் நிறுத்தி, கட்டளைகளைத் தட்டெழுதிப் பிழையைத் தேடும் கருவி. கட்டளைகளை வரிசையாக எழுதி, இறுதியில் 'முடிந்தது' என்றால் எல்லாவற்றையும் செய்யும். நடுவில் மனம் மாறினால் பின்வாங்க வழியில்லை. கருவியையே மூடவேண்டும், பிடித்த பிழையும் போய்விடும். ஆகவே, எழுதியதை மட்டும் கைவிட ஒரு கட்டளை கேட்டார்கள். வாசிம் இரண்டு வாரம் உழைத்தார். சோதித்தார். வேலை செய்தது.

உடன் பணியாற்றும் அப்ரின், எப்போதோ தலைகாட்டும் ஒரு பிழையை மூன்று நாள் காத்திருந்து பிடித்து நிறுத்தியிருந்தார். அதைத் தீர்த்தால்தான் அவருக்குப் பெருநாள் விடுப்பு. முதல் வரியிலேயே கைதவறி 'ஓடு' என்று எழுதிவிட்டார். நிரல் ஓடினால் பிடித்த பிழை தப்பிவிடும். பதறாமல் 'ரத்து' என்றார். கருவி அதையும் இரண்டாம் வரியாக வாங்கிக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்று காத்திருந்தது. அப்ரின் வாசிமைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, ரத்துன்னு நாலு தடவ அடிச்சுட்டேன். நாலையும் வாங்கி உள்ள வச்சுக்கிருச்சு."

"முழுசா முடிச்சியாம்மா?"

"முடிச்சா ஓடிருமேண்ணே. முடிக்கக் கூடாதுன்னுதான ரத்து?"

"ஆரம்பிச்சத முடி. அப்புறம் ரத்து நல்லா வேலை செய்யும். நான் அப்படித்தான் டெஸ்ட் பண்ணேன்."

"முடிச்சப்புறம் ரத்து பண்ண என்ன கெடக்கு?"

"ஒண்ணும் கெடக்காது. அதான் வெரசா வேலை செய்யும்."

வேறு வழியின்றி அப்ரின் முடித்தார். நிரல் ஓடியது, பிழை தப்பியது, அதன் பிறகு கருவி 'ரத்து செய்யப்பட்டது' என்று நான்கு முறை பணிவோடு அறிவித்தது. உண்மையில் ரத்தானது பெருநாள் விடுப்பு மட்டுமே.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர் என்பீர்கள். நல்லது. டீபக்கர் என்ற சொல்லைக் கண்டதுமே இது நமக்கெதற்கு என்று உங்களுக்குத் தோன்றியதல்லவா? பின் ஏன் நிறுத்தவில்லை? வந்தது வந்துவிட்டீர்கள், பெயரையும் சொல்லிவிடுங்கள், பதிவேட்டில் பன்னிரண்டாவதாக எழுதிக்கொள்கிறேன்.