எண்பதில் நின்ற ஸ்கூட்டர்

செங்கல்பட்டில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், ரயிலில் தூங்கிக்கொண்டே அந்த ஊரைத் தாண்டிப் போனவர்கள் என்று அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாலும், எங்கள் ‘எண்பது’ போல வேகப் பைத்தியம் பிடித்த இன்னொருவர் கிடைக்க மாட்டார். மறுப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். எனக்கும் இப்போது வேறு வேலை இல்லை.

எழுபதுகளில் நானும் அவரும் ஒரே அலுவலகம், எதிரெதிர் மேஜை. அவரிடம் ஒரு சின்ன ஸ்கூட்டர் இருந்தது. ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. கிடைத்தவன் அதற்குப் பொட்டு வைத்து, மழை வந்தால் கூடத்துக்குள் ஏற்றிவிடுவான். இவரோ பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். மீட்டரில் எண்பது வரை எண் போட்டிருந்தது. வண்டி அறுபதைத் தாண்ட மாட்டேன் என்றது. அதுதான் காரணம்.

“எண்பதுன்னு போட்டுகீறான்னா, போவும்னுதானேய்யா போட்டுகீறான்? காலண்டர்ல தீபாவளி போட்டுட்டு வராம பூடுமா?” என்பார். நாங்கள் அவருக்கு ‘எண்பது’ என்றே பெயர் வைத்துவிட்டோம்.

முதலில் சைலன்சரில் அடைத்த கரியை எடுக்கக் கிளம்பினார். மதியம் அலுவலகத்துக்குப் பின்னால் பனை ஓலையை மூட்டி, அதில் சைலன்சரைப் போட்டுவிட்டார். ஜன்னலில் புகை வந்ததும், கோப்புகள் பற்றிக்கொண்டன என்று நினைத்த எங்கள் அதிகாரி, தன் டிபன் கேரியரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அடுத்து, இழுவை கூடட்டும் என்று என்ஜின் ஹெட்டைக் கழற்றி, மேஜைக் கண்ணாடி மேல் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தார். அது என் மேஜைக் கண்ணாடி.

வேகம் கூடவில்லை. சரி, எடையைக் குறைப்போம் என்றார். ஸ்டெப்னி போயிற்று, கேரியர் போயிற்று, ஹாரனும் போயிற்று.

“ஹாரனாவது இருக்கட்டுமேய்யா” என்றேன்.

“முந்திப் போறவனுக்கு ஹாரன் இன்னாத்துக்கு?”

கடைசியில் தன் காலைச் சாப்பாட்டையும் நிறுத்திப் பார்த்தார். முள் அறுபதிலேயே உட்கார்ந்திருந்தது.

இந்த நிலையில் வைகாசியில் அவருக்குக் கல்யாணம். பெண் வசந்தா, மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்தில் படகு வைத்திருந்த வீடு. அவள் அண்ணன் மட்டும் கடலை விட்டுவிட்டு, செங்கல்பட்டு-மாமல்லபுரம் தடத்தில் பஸ் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஜோடியாக மாமியார் வீட்டுக்குப் போவார்கள். பின்னால் பெண்டாட்டி உட்கார்ந்தால் கனம் என்று, போகும்போது அவர் வேகம் பார்ப்பதே இல்லை. திங்கள் காலையில் அவளை அண்ணன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தனியாளாகப் பறக்கப் பார்ப்பார். ஒவ்வொரு வாரமும் திருக்கழுக்குன்றத்துக்கு முன்பே பஸ் அவரைத் தாண்டும். மச்சான் நீளமாக ஹாரன் அடிப்பார். ஜன்னலிலிருந்து வசந்தா கையை ஆட்டுவாள். ஹாரனைக்கூடப் பொறுத்துக்கொண்டார், அந்தக் கையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக மச்சான் காலை பஸ்ஸோடு வந்து நின்றார். வழியனுப்ப நானும் போயிருந்தேன். மாதம் முழுக்க வசந்தா இல்லாத வீட்டை நினைத்து எண்பதுக்கு முகம் செத்துவிட்டது.

“நானே வண்டில இட்டுகினு வர்றேன் மச்சான்.”

“உன் வண்டி வந்து சேர்றதுக்குள்ள ஆவணி பொறந்துடும் மாப்ளே.”

பஸ்ஸே சிரித்தது. எண்பதுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“திருக்கழுக்குன்றத்துலேர்ந்து பாத்துக்கலாம். உனுக்கு முன்னால நான் மாமல்லபுரம் போய் நின்னேன்னா, சாயங்காலமே வசந்தாவக் கூட்டிகினு திரும்பிடுவேன். ஆடியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

“தோத்தா?”

“வசந்தா அங்கயே இருக்கட்டும். ஸ்கூட்டர வித்துட்டு, உன் பஸ்லயே டிக்கெட் எடுத்து வந்து பாத்துக்கறேன்.”

வசந்தா ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். இதைப் பார்க்கவென்றே நான் லீவு சொல்லியனுப்பிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டினால் அந்த பஸ் நடுவில் எங்கும் நிற்காது. அங்கே எண்பது வண்டியை நிறுத்தி, “நீ பஸ்ல ஏறிக்க வசந்தா, கனம் கொறையும்” என்றார்.

வசந்தா இறங்கவில்லை. “படகு ஓட்றவன் ஆள எறக்கிட்டா போவான்? காத்தப் பாப்பான். திங்கக்கெயம திரும்பி வரசொல்ல மேலக்காத்து உங்க மூஞ்சில அடிச்சிது. நீங்க சட்டையையும் வேட்டியையும் பாயாட்டம் விரிச்சிகினு வந்தீங்க. இப்ப காத்து முதுகுல கீது. வேட்டிய இறுக்கிக் கட்டிகினு குனிஞ்சி ஓட்டுங்க.”

“இத ஏன் இத்தினி நாளா சொல்லல?”

“அப்ப எங்கண்ணன் ஜெயிச்சிகினு இருந்துது.”

“இப்ப?”

“இப்ப நான் நம்ம வூட்டுக்குத் திரும்பணும்.”

அவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. காற்றில் உப்பும் சட்டையை வசந்தா பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியை நான் பார்த்ததில்லை, ஸ்கூட்டரைப் பார்த்தேன். பஸ் கண்ணாடியில் எறும்பளவு இருந்தது, அடுத்த தடவை பார்க்கும்போது பின் சக்கரத்தை உரசுகிற மாதிரி வந்துவிட்டது. மச்சான் நடு ரோட்டை விடவில்லை. ஹாரன் இல்லாத எண்பது வாயாலேயே “பாம், பாம்” என்று கத்தினார். மச்சான் காதில் விழாத மாதிரியே ஓட்டினார்.

அப்போதுதான் வசந்தா குரல் கொடுத்தாள். கரையில் நின்று படகைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

“அண்ணே, வழி வுடு. எங்க வூட்டுக்காரரு வராரு.”

மச்சான் கை தானாக இடப்பக்கம் ஒடித்தது. வழியைத்தான் விட்டார், வேகத்தை விடவில்லை. அவர் மிதித்த மிதியில் என் பல் ஆடியது. ஆனாலும் ஸ்கூட்டர் பக்கவாட்டில் வந்தது, சமமாக ஓடியது, தாண்டியே விட்டது. தாண்டும்போது வசந்தா கையை ஆட்டினாள். அதே கை, இந்தத் தடவை வெளியிலிருந்து. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த நாங்கள் எங்கள் பஸ் தோற்றதற்கு விசிலடித்தோம்.

மாமல்லபுரத்தில் எண்பது வண்டிமேல் சாய்ந்துகொண்டு, யுத்தம் ஜெயித்த ராஜா மாதிரி நின்றார். மச்சான் இறங்கிப் போய் மீட்டரைக் குனிந்து பார்த்தார். முள் எண்பதைத் தொட்டு, அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தது.

“மாப்ளே, வண்டி நின்னுகீது. முள்ளு இன்னும் ஓடிகினு கீது.”

“வுடு மச்சான். கஷ்டப்பட்டுப் போயிருக்கு, அங்கயே இருக்கட்டும்.”

பேசிய பந்தயத்தை மச்சான் மீறவில்லை. ஆடி விருந்தைச் சாப்பிட்டுவிட்டு இருவரும் அன்று மாலையே செங்கல்பட்டு திரும்பினார்கள், மாட்டு வண்டிகளெல்லாம் முந்திக்கொண்டு போகிற வேகத்தில். அதற்குப் பிறகு எண்பது என்ஜினைத் தொடவில்லை. முள்ளையும் சரிசெய்யவில்லை, ஹாரனையும் மாட்டவில்லை. வாசலில் நிறுத்தியிருக்கும்போதும் அந்த ஸ்கூட்டர் எண்பதில்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்கும் ஆடிக் காற்று முதுகில் மோதினால் நான் ரோட்டோரமாக ஒதுங்கி நின்றுவிடுகிறேன். ஹாரன் இல்லாத மனிதர், நாம்தான் பார்த்து வழி விட வேண்டும்.