கோள் சொன்ன கால்கள்

இனிமேல் இந்த வீட்டில் ஒரு கரண்டிகூடக் கழுவ மாட்டேன் என்று சபதம் செய்தேன். சத்தமாக இல்லை, மனசுக்குள்தான். அப்போது என் கையில் குக்கர் மூடி இருந்தது. மணிக்கட்டு வரை சோப்பு நுரை. அந்த நிலையில் ஒரு ஆண்பிள்ளை இதைவிடச் சத்தமாகச் சபதம் செய்ய முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் துணி காயப்போடும் முற்றம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டால் அதுதான் வலை. போர்வைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மனைவி. இருவர் கையிலும் ஷட்டில் பேட். தோற்றவர் அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும். கல்யாணமான புதிதில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். வாராவாரம் நான்தானே ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை தோற்றிருக்கிறேன். அதை நான் சேர்த்துக்கொள்வதில்லை. அன்றைக்கு வெயில் கண்ணில் அடித்தது.

அப்புறம் மாத்திரை வந்தது.

நான் செருப்புக் கடையில் மூத்த விற்பனையாளன். உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பிடிப்பதும், ஏணி ஏறி மேல்தட்டுப் பெட்டியை எடுப்பதும்தான் என் தொழில். ஒரு நாள் ஏணி உச்சியில் நிற்கும்போது நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டினார்களா, உடைத்தார்கள். கண் இருட்டியது. கீழே இருந்த வாடிக்கையாளர் ஒற்றைக் கால் செருப்போடு ஓடிவந்து என்னைப் பிடித்து இறக்கினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, இதயமும் தேவைக்கு மேல் ஓடுகிறது என்று சொல்லி, பீட்டா பிளாக்கர் என்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைத் தினமும் காலையில் போடச் சொன்னார்.

இதயம் நிதானமானது. கூடவே நானும் நிதானமாகிவிட்டேன். பந்து என் தலைக்கு மேல் போய் விழுந்த பிறகுதான் 'அடடா, பந்து' என்று தோன்றும். இன்னொன்று, என் பாதம் இரண்டும் ஜில்லிட்டுப் போயின. சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து என் மனைவி துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள். அவள் தையல்காரி. நான் மறுமுனையில் சாய்ந்துகொண்டு, மெதுவாக என் கால்களை அவள் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வேன்.

"ஐயோ, எடுங்க காலை. ஐஸ் பெட்டியிலயிருந்து மீனை எடுத்து மடியில போட்ட மாதிரி இருக்கு."

"ஒரு நிமிஷம். சூடாயிட்டா எடுத்துடறேன்."

"இது இந்த ஜென்மத்துல சூடாகாது."

திட்டுவாள். ஆனால் காலைத் தள்ளிவிட மாட்டாள். இது தினப்படி நடப்பு.

மாத்திரை வந்த வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் தோல்வி. குக்கர், வடிதட்டு, கரி பிடித்த வாணலி எல்லாம் என் நெருங்கிய உறவினர் ஆகிவிட்டன.

எங்கள் ஆட்டத்துக்கு நடுவர் கீழ்வீட்டு விசில் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாலும் விசிலை விடவில்லை. புதன்கிழமை அவர் வீட்டில் பிரஷர் பார்க்கும் மிஷினில் கையை நீட்டினேன்.

"தம்பி, நார்மல். பச்சைக்குழந்தைக்குக்கூட இப்படி இருக்காது."

"நிஜமாவா அண்ணே?"

"நோய் போயிடுச்சு. அப்புறம் எதுக்கு மாத்திரை? ஊர் வந்தப்புறமும் பஸ்லயே உட்கார்ந்திருப்பியா?"

கண்டக்டர் சொன்னால் இறங்கித்தானே ஆக வேண்டும். நான் இறங்க முடிவு செய்தேன்.

"உனக்கு வேண்டாம்னா அதை எனக்குக் குடு தம்பி. எனக்கும் மாடி ஏறினா படபடங்குது."

"பார்க்கலாம் அண்ணே" என்று வந்துவிட்டேன்.

திட்டம் எளிமையானது. காலையில் மனைவி எதிரிலேயே மாத்திரையை எடுப்பேன். வாயில் போடுவதுபோல் கையைக் கொண்டுபோவேன். தண்ணீரைக் குடித்து, தொண்டையை ஒரு தடவை ஏற்றி இறக்குவேன். மாத்திரை உள்ளங்கையிலேயே இருக்கும். கடைக்குக் கிளம்பும்போது அதை என் கருப்பு ஷூவின் நுனியில் போட்டுவிடுவேன். விசேஷ வீடுகளுக்கு மட்டும் போடும் ஷூ அது. அலமாரியின் அடித்தட்டில் தூங்கும். குப்பைக் கூடையில் போட்டால் அவள் கண்ணில் படும். ஷூவுக்குள் யார் கையை விடுவார்கள்?

வெள்ளிக்கிழமையே பலன் தெரிந்தது. கால் துறுதுறுத்தது. சனிக்கிழமை கடையில் ஏணியில் ஒரே மூச்சில் ஏறினேன். உச்சியில் நெஞ்சு திம் திம் என்று அடித்தது. கொஞ்சம் இறுக்கிக்கூடப் பிடித்தது. 'பழைய குதிரை திரும்பி வந்துவிட்டது' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நாளைக்கு ஞாயிறு. குக்கர் மூடிக்கு விடுதலை, எனக்கும் விடுதலை.

அன்று சாயங்காலம் சோபாவில் வழக்கம்போல் சாய்ந்தேன். வழக்கம்போல் காலைச் செருகினேன்.

அவள் கத்தவில்லை.

நான் அதை அன்பு என்று நினைத்தேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கணுக்காலுக்கு உள்பக்கம் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தாள். கல்யாணமான புதிதில்கூட என் காலை இவ்வளவு ஆசையாகப் பிடித்ததில்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"ஒரு ஆர்டர் விஷயமா பேசணும்" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"என்னங்க, கிளம்புங்க. ஒரு இடத்துக்குப் போகணும். கொஞ்சம் டீசண்டா வாங்க. அந்தக் கருப்பு ஷூவைப் போட்டுக்கோங்க."

"இந்தச் செருப்பே போதுமே."

"கருப்பு ஷூ."

வலது காலை நுழைத்தேன். உள்ளே 'நறுக்'கென்றது. அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ பூச்சி என்று சொல்லிப் பார்த்தேன்.

"பூச்சி வெள்ளையா, வட்டமா இருக்குமா?"

நான் இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாத்திரை ஆரம்பிச்ச வாரத்துலயிருந்து உங்க கால் ஐஸ். இன்னைக்கு அடுப்பு. மாத்திரை உள்ள போகலன்னு காலே சொல்லுது. எங்க ஒளிச்சிருப்பீங்கன்னு யோசிக்கவே இல்ல. போன கல்யாண நாளுக்கு வாங்கின கம்மலையும் அந்த ஷூவுக்குள்ளதான் வச்சிருந்தீங்க."

நாள் முழுக்க ஊரார் காலைப் பிடித்து, இவர் அவசரக்காரர், இவர் கஞ்சர் என்று ஜாதகம் சொல்லுகிறவன் நான். என் சொந்தக் காலே என்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டது.

"சரி, கோவிச்சுக்காத. விட்டதையெல்லாம் இப்பவே மொத்தமா போட்டுடறேன். சரியாயிடும்." ஷூவைக் கவிழ்த்தேன்.

அவள் ஷூவையே பிடுங்கிக்கொண்டாள்.

"விட்டதைச் சேர்த்துப் போட்டா ஓடுற இதயம் நின்னே போகலாம்ங்க. இப்ப உங்க நாடி எப்படி ஓடுதுன்னு தெரியுமா? என் மிஷின்கூட அவ்வளவு வேகமா தைக்காது. டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நெஞ்சு வலிக்குதா? பொய் சொல்லாம சொல்லுங்க."

"வலி இல்ல. லேசா இறுக்கிப் பிடிச்ச மாதிரி. அதுவும் மத்தியானம்."

அவள் சாவியை எடுத்து வீட்டைப் பூட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். வாசலில் விசில் அண்ணன்.

"தம்பி, அந்த மாத்திரை?"

"அண்ணே," என்றாள் என் மனைவி, "உங்க சட்டைப் பையில இருக்கே, இளைப்பு வந்தா வாயில வச்சு இழுக்கிற குப்பி, அது சும்மா அழகுக்கா? இளைப்பு இருக்கிறவங்களுக்கு இந்த மாத்திரை மூச்சைப் பிடிச்சிடும். அடுத்தவங்க மாத்திரையைக் கேக்கறதை விட்டுட்டு நாளைக்கு நீங்களும் டாக்டரைப் பாருங்க. மாடி ஏறினா படபடங்குதுன்னு சொன்னீங்களாமே, இவர் தூக்கத்துல உளறினார்."

அண்ணன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, விசில் அடிக்காமலே உள்ளே போனார்.

டாக்டரம்மா மாரில் ஒயரெல்லாம் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். பிரஷர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். என் மனைவி சுவரில் சாய்ந்து நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா காகிதத்தைக் கீழே வைத்ததும்தான் அவள் உட்கார்ந்தாள்.

"நல்லவேளை, பெரிசா ஒண்ணும் ஆகல. ஏன் நிறுத்தினீங்க?"

"நார்மல் ஆயிடுச்சுன்னு..."

"மாத்திரை போட்டதாலதான் நார்மல். குடை பிடிச்சிருந்தீங்க, நனையல. மழை விட்டுடுச்சுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க." அவர் குரல் கடைசி வரை உயரவே இல்லை. "இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இதயம் முன்னைவிட வேகமா துள்ளும். மாரடைப்பு வரைக்கும் போகலாம். நிறுத்தணும்னாலும் நான் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பேன். நாளைக்கு அந்த வேகத்தோட நீங்க விளையாடியிருந்தா, நான் உங்களை வேற இடத்துல பார்த்திருப்பேன்."

"களைப்பா இருக்கு டாக்டர். ஓட முடியல."

"அதை என்கிட்ட வந்து சொல்லணும். ஷூகிட்ட சொல்லக்கூடாது."

என் மனைவி எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள்.

மாத்திரையை மறுபடி எப்படித் தொடங்குவது என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது, தலைசுற்றல் வந்தாலோ நாடி ரொம்ப மெதுவாகப் போனாலோ உடனே வர வேண்டும். பிறகு ஒரு நாள் வரச் சொல்லி, என் களைப்பைக் கேட்டு அளவையும் மாற்றிக்கொடுத்தார். அதோடு, "இனி விளையாடலாம், ஆனா மூச்சு வாங்குற அளவுக்கு வேண்டாம்" என்று அனுமதியும் தந்தார். தினம் காலையில் மாத்திரையை விழுங்கியபின் நான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். இது டாக்டர் சொன்னதில்லை, வீட்டுச் சட்டம்.

புது அளவு உடம்புக்கு ஒத்துக்கொண்டது. களைப்பு போனது. கால் மட்டும் ஜில்லென்றே இருந்தது. சாயங்காலம் அவள் பழையபடி திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு என்னமோ நிம்மதியாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடியில் மறுபடி போர்வை ஏறியது. விசில் அண்ணன் விசில் அடித்தார். இப்போது என்னிடம் சாக்கு இல்லை. களைப்பு இல்லை, தலைசுற்றல் இல்லை, வெயிலும் மேகத்துக்குள் இருந்தது.

தோற்றேன். சும்மா இல்லை, அண்ணனே பரிதாபப்பட்டு விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தோற்றேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் நின்று கேட்டேன். "எனக்கு ஒண்ணு புரியல. முன்னாடியெல்லாம் நான்தானே ஜெயிச்சேன். மாத்திரைதான் என் ஆட்டத்தைக் கெடுத்துச்சுன்னு நினைச்சேன். இப்ப உடம்பு சரியா இருக்கு. அப்புறம் எப்படி?"

அவள் துவட்டின தட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "கல்யாணமான புதுசுல ஒரு தடவை நான் ஜெயிச்சேன், ஞாபகம் இருக்கா? உங்க மூஞ்சி சிவந்து, கழுத்து நரம்பு புடைச்சு, மூச்சு வாங்க அந்தப் படியிலேயே உட்கார்ந்துட்டீங்க. நான் பயந்தே போயிட்டேன். பாத்திரம் கழுவினா கழுவிட்டுப் போறேன், புருஷன் பத்திரமா இருக்கட்டும்னு அன்னைக்கிலயிருந்து தோத்துட்டே வந்தேன்."

"அப்ப இப்ப?"

"நாள் பூரா தையல் மிஷின் மிதிக்கிற காலுங்க இது. அதான் மாத்திரை வந்துடுச்சே, இனிமே தோத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தைரியமா ஆடறேன்."

அவள் குக்கர் மூடியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. அப்புறம் பாவம், நீங்க பழையபடி ஜெயிக்க வேண்டியிருக்கும்."