சொந்தக் கரண்டுக்காரர்

சொந்தக் கரண்டுக்காரர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் அவர் வீட்டுப் படியேறினால், ‘வாங்க’ என்பதற்கு முன் அவர் வானத்தைப் பார்ப்பார். வெயில் சுள்ளென்று அடித்தால் உங்களுக்கு மிக்சியில் அடித்த பழச்சாறு. மூட்டமாக இருந்தால் தண்ணீர். அதையும் மின்விசிறி இல்லாமல் குடிக்க வேண்டும்.

மொட்டை மாடியில் நான்கு தகடுகள், ஒரு கம்பத்தின் உச்சியில் காற்றாடி, மாடிப்படிக்கு அடியில் பேட்டரிகள், அவற்றின் தலைக்கு மேல் முட்டைக் கண்ணை விழித்தபடி ஒரு மீட்டர். இவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். மின்சாரக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டித்துக்கொண்ட நாளை, கல்யாண நாளை மறந்தாலும் மறக்க மாட்டார். “நமக்கு யார் தயவும் வேண்டாம்” என்பது அவருடைய வேதவாக்கு. இந்த ‘யார்’ என்பதில் சூரியன், காற்று, தினமும் மாடியேறித் தகட்டைத் துடைக்கும் மனைவி ஆகியோர் சேரமாட்டார்கள்.

இந்த இனத்தில் ஒருவரைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். தெருவில் அவருக்குப் பெயர் சோலார் சார். தகடுகளை எந்தச் சாய்வில் வைப்பது என்று கருவி வைத்து அளந்து, கயிறு கட்டி, திரும்ப அளந்து, மாடியையே தேர்த்தட்டு போல ஆக்கியவர். அந்த வீட்டில் சமையல் என்பது வானிலை சார்ந்த விஷயம்.

“ஏங்க, மிக்சி போடலாமா?” என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பார்.

அவர் போய் மீட்டரைப் பார்ப்பார், வாசலுக்கு வந்து மேலே பார்ப்பார். “ஒரு மேகம் போயிட்டிருக்கு. அது தாண்டட்டும்.”

“நமக்கு எப்பப் பசிக்கும்னு அந்த மேகத்துக்குத் தெரியுமா?”

இஸ்திரிப் பெட்டி என்ற சொல்லை அங்கே கெட்ட வார்த்தையைப் போலக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். விருந்தாளி யாராவது விவரம் தெரியாமல் அதைச் சொருகிவிட்டால் படிக்கு அடியிலிருந்து ‘கீ’ என்று ஒரு அலறல் கிளம்பும். பிறகு வீடு முழுக்க இருட்டு. விருந்தாளி அடுத்த முறை கசங்கிய சட்டையோடு வருவார். அல்லது வரவே மாட்டார்.

சோலார் சாரின் மகள் மின் பொறியாளர், அதுவும் மின்சாரக் கம்பெனியில். “எதிர்க்கட்சியில வேலை பாக்குறா” என்றுதான் அவளை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவார். அவள் ஊருக்கு வந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் சண்டை தொடங்கிவிடும்.

“தகட்டுக்குப் பின்னாடி எழுதியிருக்கிற வாட் எல்லாம் ஆய்வுக்கூடத்துல கிடைக்கிறதுப்பா.”

“நம்ம மாடி மட்டும் என்ன மட்டமா?”

“அந்தக் காத்தாடியாவது இறக்கிடுங்க. அண்ணாந்து பாத்தா சுத்துது, மீட்டரைப் பாத்தா ஒண்ணும் காணோம். காத்து பாதியாச்சுன்னா கரண்டு பாதியாகாது. எட்டுல ஒரு பங்காயிடும்.”

“அப்ப காத்து ரெட்டிச்சா எட்டு மடங்குன்னு சொல்லு. ஏன் எப்பவும் கொறைச்சே பேசுற?”

இதற்கு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பதில் சொல்லித் தருவதில்லை.

ராஜ்யம் என்று இருந்தால் எல்லைத் தகராறும் இருக்க வேண்டுமல்லவா? பக்கத்து வீட்டுத் தையல்காரரின் வாதாம் மரம், மதியத்துக்கு மேல் ஒரு தகட்டின் மீது நிழலைப் போடும். ஒரு தகடு நிழலில் படுத்தால் மற்ற மூன்றும் அதோடு சேர்ந்து சோம்பும். அவற்றைக் கோத்திருக்கும் விதம் அப்படி. சோலார் சார் அந்த நிழலைச் சங்கிலி போட்டு அளந்து, வரைபடமாக வரைந்து, மதில் வழியாக நீட்டினார். தையல்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மரத்தை வெட்டிட்டு, நிழலுக்கு உங்க தகட்டுக்கு அடியில வந்து உக்காரவா?”

அதோடு இரண்டு வீடும் பேச்சை நிறுத்திக்கொண்டன.

மழைக்காலத்தின் நடுவில் ஒரு காலை, பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தவர் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

மதியத்துக்குள் மகள் வந்துவிட்டாள். அவளுடைய தம்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மறுநாள் மாலைதான் வந்து சேர முடியும். அதுவரை அப்பா இருக்க வேண்டும். ஃப்ரீசர் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, “பிளக் எங்கம்மா?” என்றார். வெளியே மூன்று நாளாக விடாத மழை.

மகளுக்குக் கணக்குத் தெரியாதா? அந்தப் பெட்டியின் மோட்டார் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும், பழைய பேட்டரி எந்த இடத்தில் படுக்கும் என்பதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்வாள். விடை தெரிந்த கணக்குதான். ஆனாலும் விளக்கு, விசிறி, பிரிட்ஜ் என்று ஒன்று விடாமல் அணைத்தாள். இருப்பதையெல்லாம் அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் பிளக்கைச் சொருகினாள். பெட்டி ஒரு முறை முனகியது. படிக்கு அடியில் ‘கீ’.

மறுபடி சொருகினாள். மறுபடியும் ‘கீ’.

அழுது ஓய்ந்து நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அம்மா, பழக்க தோஷத்தில், “யாருடி இஸ்திரிப் பெட்டி போட்டது?” என்றார்.

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அம்மாவும்தான்.

மதிலுக்கு மேலே ஒரு கை தெரிந்தது. தையல் மெஷினுக்குப் போட்டிருந்த நீள வயரைச் சுருளாகப் பிடித்திருந்தது. “இதுல சொருகும்மா,” என்றார் தையல்காரர்.

“அவருக்குப் பிடிக்காதுண்ணே,” என்றாள் மகள். அவளுக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது.

“எந்திரிச்சு சண்டைக்கு வரட்டுமே. எனக்கும் சந்தோஷம்தான்.”

யார் தயவும் வேண்டாம் என்றவர், எதிர்க்கட்சியின் கரண்டில், பகையாளி வீட்டுப் பிளக்கில் அன்றிரவு படுத்திருந்தார். சிரிக்க வேண்டிய இடம்தான். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மழை விட்டு வெயில் வந்தது. செலவு எதுவும் இல்லாத வீட்டில் பேட்டரிகள் வயிறு நிறையக் குடித்தன. மகள் மீட்டருக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னடி, போடலாமா?”

அவள் அண்ணாந்து பார்த்தாள். “ஒரு மேகம் போயிட்டிருக்கு. அது தாண்டட்டும்.”

சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேகம் தாண்டியது. பிளக்கை மாற்றினாள். பெட்டி முனகியது, யோசித்தது, ஓடத் தொடங்கியது. உச்சி வெயில் சாயும் நேரத்தில் மாடியில் ஏதோ சலசலப்பு. ஏறிப் பார்த்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வாதாம் கிளையில் கயிறு போட்டு, ஒரு காலை மதிலில் ஊன்றி, தன் பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தார். தகட்டின் மீது நிழல் இல்லை. வெயில் இருந்தவரை சோலார் சார் தன் சொந்தக் கரண்டில் இருந்தார். மேகம் திரும்பியதும் வயர் மறுபடி மதில் தாண்டியது. தம்பி வந்து முகம் பார்த்தான்.

அம்மாவுக்கு இப்போது கம்பெனி இணைப்பு வந்துவிட்டது. தகடுகளும் இருக்கின்றன; விளக்குக்கும் விசிறிக்கும் அவை தாராளம். காற்றாடியை இறக்க மகளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கலாம். உங்கள் மாடியில் தகடு இல்லை, தெருவிலிருந்து கம்பி வருகிறது, நீங்கள் இந்த இனம் இல்லை. ஆனால் சமீபத்தில், ஏதோ ஒரு பேச்சில், “எனக்கு யார் தயவும் வேண்டாம்” என்று சொன்னீர்களா? அப்போது உங்கள் பக்கத்தில் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தவர் யார்? எதற்கும், மதில் தாண்டும் நீளத்தில் ஒரு வயர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதல்லவா?