பழனிவேல் வந்தால் நெட் வரும்

சிதம்பரத்தில் மணவாளன் வீட்டில் மாலை ஆறரை ஆனால் நெட் போய்விடும். பழனிவேல் போய் நின்றால் வந்துவிடும். 2011 ஆடி மாதம் முழுக்க அவன் பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

கம்பியில்லா பிராட்பேண்ட் விற்கும் ஒரு கம்பெனிக்குக் கடலூர், சிதம்பரம் இரண்டு ஊருக்கும் அவன்தான் இன்ஜினீயர். மணவாளன் ஓய்வு பெற்ற தாசில்தார். உத்தியோகம் முழுக்கப் புகார் வாங்கியே அலுத்தவர், இப்போது கொடுக்கத் தொடங்கியிருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியைத் தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அவர் நெட்டே வாங்கினார். குழந்தை "தாத்தா" என்று ஆரம்பிப்பாள். வாய் திறந்தபடியே திரையில் உறைந்து நிற்பாள்.

பழனிவேல் கடலூரிலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு வருவான். அவன் உள்ளே நுழைந்தால் நெட் ஜம்மென்று ஓடும், பேத்தி பாட்டுப் பாடுவாள். மணவாளனின் மனைவி ரத்தினம்மாள் சிரித்த முகத்தோடு காபி கொண்டுவந்து வைப்பார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் போன் அடிக்கும்.

"தம்பி, மறுபடியும் நெட்டு பூட்டுது."

முதலில் டவரிலிருந்த ஆன்டெனாவை மணவாளன் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தான். அண்ணாமலை நகர்ப் பக்கம் சிக்னல் மெலிந்துபோய், ரிசல்ட் பார்க்க முடியாத மாணவர்கள் அவன் நம்பரைக் கண்டுபிடித்து வரிசையாகக் கூப்பிட்டார்கள். திருப்பியதைப் பழையபடி வைத்துவிட்டு, டவரின் பவரைக் கூட்டினான். அடுத்த அலைவரிசையில் இருந்த வேறொரு கம்பெனியின் சேவை இரைச்சலில் மூழ்கியது. அவர்கள் சென்னைக்குப் புகார் எழுதினார்கள். மணவாளன் அதற்கு முன்பே டெல்லிக்கு எழுதியிருந்தார். பழக்க தோஷம்.

மேலாளர் போனில் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மாதக் கடைசிக்குள் இரண்டு புகாரும் தீரவில்லை என்றால் அவனை அஸ்ஸாமுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று அமைதியாகச் சொன்னார். பழனிவேலின் மனைவி சத்யப்பிரியாவுக்கு வடலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் குடும்பத்துக்கே முதல் அரசாங்க உத்தியோகம். அதை விட்டுவிடு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அவளை விட்டுப் போகவும் மனசு வராது.

சென்னையிலிருந்து, அலைவரிசையைக் கண்காணிக்கும் அதிகாரி ஞானசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். வீராணம் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற மாதிரிதான் இதுவும், இந்த அலைவரிசை இன்னாருக்கு என்று அரசாங்கம் பிரித்து ஏலம் விட்டிருக்கிறது என்று பழனிவேலுக்கே பாடம் நடத்தினார். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரிப் பிரித்து வைத்திருப்பதுதான் தலைவலியாம். வெளிநாட்டில் எல்லோருக்கும் பொது என்று விட்டது, இங்கே ஒருத்தன் ஏலத்தில் எடுத்ததாக இருக்கும். எல்லா நாடும் உட்கார்ந்து பேசி ஒரே மாதிரி ஆக்கும்வரை தன் ஜீப்புக்கு ஓய்வில்லை என்று சலித்துக்கொண்டார்.

அவர் மீன் எலும்பு போலிருந்த ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்ததும், கரண்ட் திருட்டைப் பிடிக்க ஆள் வந்துவிட்டது என்று செய்தி பரவி, கொக்கி போட்டிருந்த வீடுகளில் விளக்கு அணைந்தது. மணவாளன் வீட்டுக்குள் ஞானசேகரன் கொண்டுவந்த கருவியின் முள் அசையவே இல்லை. கார்ட்லெஸ் போன் மாதிரி வேறு ஏதாவது வயர்லெஸ் சாமான் உண்டா என்று ஞானசேகரன் கேட்டார். கம்ப்யூட்டரைத் தவிர ஒன்றும் கிடையாது, என் வீடு எனக்குத் தெரியாதா என்று மணவாளன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ஞானசேகரன் காபியைப் பாராட்டிவிட்டு, குறுக்கீடு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பவரைக் கூட்டிய குற்றத்துக்குக் கம்பெனிக்கு ஒரு நோட்டீசும் கொடுத்தார்.

ஜீப் தெருமுனை திரும்பியிருக்காது, நெட் போய்விட்டது.

நோட்டீஸ் கிடைத்த மறுநாளே மேலாளர் அஸ்ஸாம் ஆர்டரை அனுப்பிவிட்டார்.

பழனிவேல் கடைசியாக ஒருமுறை போனான். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்றுதான் போனான். வண்டியை நிறுத்தி உள்ளே நுழைந்தான், பேத்தி திரையில் வந்துவிட்டாள். அவனைப் பார்த்து "நெட்டு மாமா" என்று கையாட்டினாள். கேட்க வந்ததைக் கேட்க முடியாமல், மாற்றல் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

மணவாளன் ஆடிப்போனார். தான் எழுதிய கடிதமும் ஒரு காரணம் என்று புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க காலு ராசியான காலு தம்பி. நீங்க உள்ள வந்தாதான் எம் பேத்தி வர்றா. இன்னிக்கே டெல்லிக்கு எழுதுறேன், உங்கள இங்கியே வுட்டுடச் சொல்லி. மாடி காலியாத்தான் கெடக்குது, குடும்பத்தோட வந்துடுங்க. வாடகல்லாம் வேணாம்."

அஸ்ஸாமோடு ஒப்பிட்டால் மாடி ஒன்றும் மோசமில்லைதான். இருந்தாலும் பழனிவேல் கும்பிட்டுவிட்டு எழுந்தான். மணவாளன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மறுபடி எழுந்தான். மறுபடி உட்கார வைத்தார். பழனிவேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவோரம் நின்றிருந்த ரத்தினம்மாள் இத்தனை நாளில் முதல் முறையாகக் காபியைத் தவிர வேறு பேச்சு பேசினார்.

"அவர வுடுங்களேன், பாவம். நாடகம் பாதி முடிஞ்சிருக்கும்."

டிவிதான் அணைத்துக் கிடக்கிறதே, எந்த நாடகம் என்று மணவாளன் எரிந்து விழுந்தார்.

"சமையக்கட்டுப் பக்கம் வந்தாத்தான உங்களுக்குத் தெரியும்? கம்பியே இல்லாம அங்க படம் காட்டறதுக்கு எம் புள்ள சிங்கப்பூர்லேர்ந்து ஒரு பொட்டி அனுப்பியிருக்கான், வீட்டுக்கு வந்தவங்கள ஒக்கார வெச்சிட்டு நாடகம் பாத்தா மரியாதையா இருக்காதேன்னு, தம்பியோட வண்டிச் சத்தம் கேக்கறப்பல்லாம் ஓடிப்போயி அத அமத்திடறேன்."