மூன்று கால் விளக்கும் நீல நாற்காலியும்

நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதல் மனித குலம் மேற்கொண்ட நாகரிகப் பயணம், சென்ற செவ்வாய்க்கிழமை மாலை முதலியார்பேட்டையில், எங்கள் வீட்டு ஹால் மூலையில் இனிதே நிறைவு பெற்றது. அன்றுதான் மூன்று மரக் கால்களும் பித்தளைக் கழுத்தும் துணித் தொப்பியும் கொண்ட ஆளுயர ஃப்ளோர் லேம்ப் அங்கே பதவியேற்றது. ஒயர் பிளக் பாயின்ட் வரை எட்டவில்லை. ஆகவே விளக்கு தெரிவதற்காக ட்யூப்லைட் போட்டோம்.

அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். எதையும் முறைப்படிதான் செய்வேன். விளக்கைப் போட்டோவில் எடுப்பாகத் தெரியும்படி 'ஸ்டைலிங்' செய்ய அஞ்சலி என்ற நிபுணரை வரவழைத்தேன். அவர் மூலையைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தார். பெண் பார்க்கப் போனபோது நான் என் மனைவியைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இந்த நீல பிளாஸ்டிக் சேர் யாருது சார்?"

"என் வீட்டுக்காரி அகஸ்டினாவுது. அவளுக்கு முட்டி வலி. சாயங்காலம் அதுல உக்காந்துதான் கீரை ஆய்வா. ஃபேன் காத்து அங்கதான் வரும்."

"எடுத்துடலாம் சார். விளக்கு, மர நாற்காலி, செடி, மூணே பொருள்தான். நாலாவது வந்தா கண்ணு தடுமாறும்."

மனைவி 'நாலாவது பொருள்' என்பது இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. கலை எவ்வளவு வளர்ந்துவிட்டது!

மர நாற்காலி வந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. அஞ்சலி அதன்மேல் ஒரு சால்வையைச் சரிய விட்டார். ஒரு புத்தகத்தைத் திறந்து கவிழ்த்தார். அட்டை நிறம்தான் முக்கியம் என்பதால் என் பழைய டெண்டர் விதிமுறை நூல் தேர்வாயிற்று.

"பக்கத்துல பாதி குடிச்ச காபி ஒண்ணு வேணும் சார். யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்கணும். அதான் ஸ்டைல்."

அகஸ்டினா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"போட்டோவுல வராத எடமா பாத்து உக்காருங்க ஆன்ட்டி."

அப்படிப்பட்ட இடங்கள் எங்கள் வீட்டில் இரண்டு: குளியலறை, மாடிப்படியின் அடி. மாடிப்படிக்கு அடியில் நீல நாற்காலியைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்தாள். காற்று வரவில்லை. எழும்போதெல்லாம் தலை இடித்தது. நான்காம் நாள் காபி டம்ளரோடு என்னிடம் வந்தாள்.

"ஏங்க, வேர்த்து ஊத்துது. ஒரு மணி நேரம் அந்த மூலையில சேரைப் போட்டுக்கறேன்."

"உன் மனு பரிசீலனையில இருக்கு."

"யாரு பரிசீலிக்கிறாங்க?"

"நான்தான்."

அவள் காபியைப் பாதியிலேயே மர நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு புடவையைப் பையில் திணித்தாள். நீல நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நெல்லித்தோப்பில் இருக்கும் தங்கை வெரோனிகா வீட்டுக்குப் போனாள்.

மூலையைப் படம் எடுத்து அஞ்சலிக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே குரல் பதிவு வந்தது.

"சூப்பர் சார்! நிஜமாவே யாரோ எழுந்து போன மாதிரியே இருக்கு! எப்படி சார் பண்ணீங்க?"

பெருமையை மறைப்பானேன்? செடியும் சால்வையும் அவர் வைத்தவை. ஆளை எழுப்பி அனுப்பியது மட்டும் முழுக்க முழுக்க என் கைவேலை.