அஞ்சலை ஆயாவின் கம்பளி

சொந்த ரத்தத்தைக் குழந்தை பார்த்தவுடனே கண்டுகொள்ளும் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. மீசைக்கு மெழுகு தடவிக்கொண்டு, பதுளையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் அக்காள் மகள் மீனாட்சியின் அழகைப் பற்றி அளப்பேன். (நான் அவளைப் பார்த்ததே இல்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.)

பாக்கியம் அக்கா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மீனாட்சிக்குப் பதினோராம் மாதம் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். "என் தம்பி வாரான், என் தம்பி வாரான்" என்று அக்கா ஒரு மாதமாக லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவளுடைய நாத்தனார் "வரட்டும், பாப்போம்" என்றாளாம். ஆக, அக்காவின் மானம் என் மடியில் இருந்தது.

கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, அரைச் சீசா அத்தர் சகிதம் மலையேறினேன். ஒரே மூடுபனி. கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. மேகத்துக்குள் நடந்து போகிறேன், அந்தப் பக்கம் ஒரு குழந்தை எனக்காகவே கை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று கனவு கண்டுகொண்டே போனேன்.

மீனாட்சி என் மீசையைப் பார்த்தாள். தலைப்பாகையைப் பார்த்தாள். அத்தரை ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு கத்தினாள் பாருங்கள், ஆசாரியின் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது.

"மாமாடி தங்கம், ஒன் மாமாடி!" என்று அக்கா கெஞ்சினாள். நான் தலைப்பாகையைக் கழற்றினேன். இன்னும் பலமாக அழுதாள். கற்கண்டு நீட்டினேன். என் மூக்கிலேயே எறிந்தாள்.

"நல்ல நேரம் போகுதுங்க" என்றார் ஆசாரி.

"தாய்மாமன் மடி ஆகலேன்னா, எங்க பக்கத்து ஆளு யாராச்சும் உக்காரட்டுமே" என்றாள் நாத்தனார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்படியே பனியோடு பனியாகக் கரைந்து போய்விடலாம் போலிருந்தது.

அப்போதுதான் அஞ்சலை ஆயா வந்தாள். தாய்மார் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனால், அந்தி வரைக்கும் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அவளைக் கண்டதும் மீனாட்சி பாதி அழுகையை அப்படியே நிறுத்திவிட்டுத் தாவினாள்.

"என்ன மந்திரம் வச்சிருக்கீங்க?" என்று பொறாமையோடு கேட்டேன்.

"மந்திரமெல்லாம் இல்லீங்க தம்பி. அழுதா தூக்குறேன், பசிச்சா ஊட்டுறேன். தெனமும் அதே கை, அதே வாடை. நீங்க இன்னிக்குத்தானே வந்திருக்கீங்க?"

சொல்லிவிட்டுத் தன் கறுப்புக் கம்பளியைக் கழற்றி, என்னைத் தலையோடு போர்த்தினாள். "மீசைய மூடிக்கங்க. பேசாதீங்க. ம்ம்ம்னு மட்டும் சொல்லுங்க."

கம்பளியில் அடுப்புப் புகையும் பாலும் மழையும் கலந்த வாடை. ஆயா என் மடியில் இறக்கிவிட, மீனாட்சி முகர்ந்து பார்த்தாள். கம்பளியில் ஒரு பழைய ஓட்டை இருந்தது. அதில் விரலை விட்டுக்கொண்டு என் மேல் சாய்ந்தாள். நான் "ம்ம்ம்" என்றேன். அவளும் "ம்ம்ம்" என்றாள். ஆசாரி குத்தியபோது வீறிட்டவள், கம்பளிக்குள் முகத்தைப் புதைத்து, விம்மி விம்மித் தூங்கிப்போனாள். அந்தச் சின்ன மூச்சு என் நெஞ்சில் ஏறி இறங்கியது. எனக்கும் கண் சொருகியது. அவ்வளவு சுகமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். நாத்தனாருக்குக் காட்ட வேண்டும் என்ற திமிரில் கம்பளியை விலக்கினேன். மீனாட்சி கண் திறந்தாள். ஒரு விரல்கடை தூரத்தில் என் மீசை.

இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலுக்கு அடுத்த லயத்து ஆட்களும் ஓடி வந்தார்கள்.

"காது குத்துனது தாய்மாமன் மடியில இல்ல, ஆயா மடியில!" என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

மறுவாரமே ஆயாவுக்குப் புதுக் கம்பளி கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொண்டேன். ஞாயிறுதோறும் அதைப் போர்த்திக்கொண்டு மலையேறினேன். அத்தரை விட்டேன், மீசையைக் குறைத்தேன். ஒரு ஞாயிறு அவசரத்தில் கம்பளியை மறந்துவிட்டு, மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றேன். மீனாட்சி என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். நான் அழுதுவிட்டேன். (மழைத் தண்ணீர் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.)

போன மாதம் மீனாட்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மெழுகு மீசை, மேலெல்லாம் அத்தர். அவரைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, வெளியே வரமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள்.

"தம்பி, அந்தக் கம்பளிய எடுத்துட்டு வா, மாப்பிள்ளைக்குப் போத்தி விடுவோம்!" என்றாள் அக்கா. வீடே சிரித்தது. மீனாட்சியும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். மாப்பிள்ளைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. கம்பளியை நான் இன்னும் துவைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.